டயர்காரர் கண்டுபிடிச்ச பம்பு

டிஸ்கி: இது வயசுக்கு வந்தவங்க சமாச்சாரம். ஆபீஸ்ல உக்காந்து படிக்கிறவங்க மானிட்டரைக் கொஞ்சம் சுவர் பக்கமா திருப்பி வெச்சுக்கோங்க. கிளுகிளுப்பா எதாவது இருக்கும்னு வந்தவங்க இப்பவே அப்பீட் ஆகிடலாம். நடுவுல ஃபிசிக்ஸ் எல்லாம் வருது.

ஆண்குறியைப் பெருசாக்குறதுக்குன்னு ஒரு வேக்குவம் பம்பு விக்கிறாங்க. இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரியாத ஆம்பளை நம்ம ஊர்ல கம்மி. 1997ல வந்த முதல் ஆஸ்டின் பவர்ஸ் படத்துல இதை வெச்சு ஒரு முழு காமெடி சீனே எடுத்திருப்பாங்க. மின்னஞ்சல் வெச்சிருந்த எல்லாருக்கும் ஒரு காலத்துல தினம் நாலு ஸ்பாம் இதைப் பத்தி வந்துது. ஆனா இதைப் பத்தி தமிழ்ல தேடினா கிடைக்கிறது ரெண்டே வகை. ஒண்ணு லேகியம் விக்கிறவர் எழுதினது, இன்னொண்ணு பம்பு விக்கிறவர் எழுதினது. ரெண்டும் விக்காத ஒருத்தன் எழுதினா என்னன்னு தோணுச்சு. நான் மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டுறவன். பம்புன்னா நாலு வருஷம் படிச்சதுக்கு இதாவது உபயோகப்படட்டுமே.

பாக்குறதுக்கு அது ஒண்ணும் பெரிய ராக்கெட் இல்ல. ஒரு பக்கம் மூடி, ஒரு பக்கம் திறந்த கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குழாய். மூடின பக்கத்துல இருந்து ஒரு ரப்பர் டியூப் போகும். அதோட முனையில கையால அமுக்குற ஒரு பல்பு, இல்லன்னா பிஸ்டன், காசு நிறைய குடுத்தா பேட்டரி மோட்டார். டாக்டர் பிரஷர் பாக்குற மெஷின்ல காத்து உள்ள போகுது, இதுல காத்து வெளிய வருது. அவ்வளவுதான் வித்தியாசம். நல்லதா இருந்தா ஒரு மீட்டரும், சட்டுனு காத்தை உள்ள விடுறதுக்கு ஒரு வால்வும் இருக்கும். இந்த மீட்டரையும் வால்வையும் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

வேலை செய்யிற விதம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சின்ன வயசுல எவர்சில்வர் டம்ளரை வாய்ல கவுத்து உறிஞ்சி, கையை விட்டாலும் விழாம தொங்க விட்டு வித்தை காட்டியிருப்பீங்க. அப்புறம் பாத்தா வாயைச் சுத்தி செக்கச் செவேல்னு ஒரு வட்டம், அம்மாகிட்ட ஒரு அடி. அதே சமாச்சாரம்தான். 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோள்ல வட்ட வட்டமா கத்திரிப்பூ கலர்ல இருந்துதே, கப்பிங்னு சொன்னாங்களே, அதுவும் இதோட அண்ணன் தம்பிதான். வெற்றிடம் எதையும் "இழுக்கிறது" கிடையாது. உடம்பு பூரா 760 மி.மீ. பாதரச அழுத்தத்துல காத்து அமுக்கிக்கிட்டு இருக்கு. குழாய்க்குள்ள மட்டும் அதைக் குறைச்சா, உடம்புல இருக்கிற ரத்தம் அழுத்தம் கம்மியான இடத்தைத் தேடிப் போகுது. இழுக்கிறது இல்ல, தள்ளுறது. எங்க ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வாத்தியார் இந்த வார்த்தைக்காகவே ரெண்டு மார்க் குறைப்பார்.

இதைக் கண்டுபிடிச்சது யாருன்னு தேடிப் போனதுலதான் எனக்கு சுவாரஸ்யம் பிடிச்சுது. கண்ணாடிக் குழாய் வெச்சு உறிஞ்சுற யோசனை பழசு. 1874லயே ஜான் கிங்னு ஒரு அமெரிக்க டாக்டர் எழுதி வெச்சிருக்கார். வியன்னாவைச் சேர்ந்த ஓட்டோ லெடரர்ங்கிறவர் 1917ல அமெரிக்காவுல காப்புரிமையே வாங்கிட்டார். ஆனா அதை உருப்படியான ஒரு கருவியா ஆக்கினவர் ஜார்ஜியா மாநிலம் அகஸ்டாவுல இருந்த கெடிங்ஸ் ஆஸ்பன். அவர் டாக்டர் இல்ல, இன்ஜினியர் இல்ல. டயர் தொழில் பண்ணினவர். 1960கள்ல அவருக்கே விறைப்புப் பிரச்னை வந்துது. டாக்டர்கள் கையை விரிச்சுட்டாங்க. அப்ப வயாகரா கிடையாது, அது 1998லதான் வந்துது. மனுஷன் பாத்தார், காத்தும் ரப்பரும் நமக்குத் தெரிஞ்ச விஷயம்தானேன்னு தானே ஒரு கருவி பண்ணி, தானே வெச்சுப் பாத்து, இருபது வருஷத்துக்கு மேல தானே உபயோகிச்சார். அதுக்கு அவர் வெச்ச பேரு, தமிழ்ல சொன்னா, "இளமைக்கு இணையான கருவி". பேரு வெச்ச அழகைப் பாருங்க. ஊர்ல இருக்கிற டாக்டர்கள் சிரிச்சிருப்பாங்க. ஆனா 1982ல அமெரிக்க எஃப்.டி.ஏ. விக்கிறதுக்கு அனுமதி குடுத்துது. 1986ல சான் ஆன்டோனியோவுல பெர்ரி நாடிக்னு ஒரு யூராலஜிஸ்ட் நோயாளிகள்கிட்ட சோதிச்சுப் பாத்து வேலை செய்யுதுன்னு எழுதினார். இன்னிக்கு யூராலஜி பாடத்துல இதுக்குன்னு ஒரு இடம் இருக்கு.

கவனிச்சீங்களா? ஆஸ்பன் அதைப் பெருசாக்குறதுக்குப் பண்ணலை. எழும்புறதுக்குப் பண்ணினார். ரெண்டும் வேற வேற.

எப்படி வேறன்னு டயரை வெச்சே சொல்றேன். ஆண்குறிக்குள்ள நீள வாக்குல பஞ்சு மாதிரி திசு நிரம்பின ரெண்டு குழாய் இருக்கு. ரத்தம் நிறைஞ்சா விறைப்பு. அது சைக்கிள்ல டியூப் மாதிரி. அதைச் சுத்தி கொலாஜனால ஆன கெட்டியான ஒரு உறை இருக்கு, டியூனிகான்னு சொல்றாங்க. அது டயர். டியூப்ல நீங்க எவ்வளவு காத்தடிச்சாலும் வண்டிச் சக்கரம் டயர் விட்ட அளவுக்குத்தான் வரும். பம்பு செய்யிறது டியூப்ல ரத்தம் அடிக்கிற வேலை. டயர் வளர்றதில்ல. அப்ப பம்பு போட்டு எடுத்த உடனே பெருசா தெரியுதேன்னு கேப்பீங்க. தெரியும். கொஞ்சம் அதிக ரத்தம், அதோட தோலுக்கும் டயருக்கும் நடுவுல கசிஞ்ச நீர். டம்ளர் எடுத்த உடனே உதடு வீங்கியிருக்குமே, அதை "உதடு வளர்ந்துடுச்சு"ன்னு யாரும் சொல்றதில்ல. கொஞ்ச நேரத்துல வத்திடும்.

இது என் ஊகம் இல்ல. 2006ல இரானைச் சேர்ந்த டாக்டர்கள் இதையே சோதிச்சு எழுதினாங்க. இழுத்து அளந்தா 10 செ.மீ.க்குக் கம்மியா இருந்த 37 பேர். வாரத்துக்கு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் 20 நிமிஷம், ஆறு மாசம். முடிவுல சராசரி 7.6 செ.மீ.ல இருந்து 7.9க்குப் போச்சு. 3 மில்லிமீட்டர். அளக்கிற ஸ்கேலை கொஞ்சம் அழுத்திப் பிடிச்சாலே வந்துடுற வித்தியாசம். புள்ளியியல்படி அது ஒண்ணுமே இல்லன்னு அவங்களே எழுதிட்டாங்க. ஆனா அதுல பத்துக்கு மூணு பேர் "எனக்குத் திருப்தி"ன்னு சொல்லியிருக்காங்க. இந்த மூணு பேரைப் பத்திதான் நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். ஒண்ணும் வளரலை, ஆனா திருப்தி. அப்ப வைத்தியம் நடந்தது எங்க?

(இழுவைக் கருவின்னு இன்னொண்ணு இருக்கு, அது வேற. 2009ல இத்தாலியில வந்த ஆய்வுல தினமும் குறைஞ்சது 4 மணி நேரம், ஆறு மாசம் மாட்டிக்கிட்டுத் திரிஞ்சவங்களுக்கு ஒண்ணே முக்கால் செ.மீ. வாக்கில கூடினதா எழுதியிருக்காங்க. ஆய்வுக்கு வந்தவங்க கொஞ்சம் பேர்தான். தினம் நாலு மணி நேரம் பேண்டுக்குள்ள அதோட உக்காந்து ஆணி பிடுங்க முடியும்னா உங்க இஷ்டம்.)

இவ்வளவு ஆராய்ச்சி நான் எதுக்குப் பண்ணினேன்னு கேட்டா, ஒரு நாள் ராத்திரி ஒண்ணரை மணிக்கு ரூம் கதவைத் தட்டின என் ரூம்மேட்டுக்காக. வேளச்சேரியில நாங்க நாலு பேர் ஒரு வீட்டுல இருந்தோம். அவன் பேரு வேண்டாம், மாப்ளன்னு வெச்சுக்குவோம். தை மாசம் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நிஜ மாப்ள.

"மச்சி, தூங்கிட்டியா?"

"ஆமாடா. இப்ப தூங்கிக்கிட்டேதான் பேசுறேன். என்ன?"

"ஒரு சின்ன பிரச்னைடா. லைட்டைப் போடாத."

ஆன்லைன்ல வாங்கியிருக்கான். மீட்டர் இல்லாத மாடல், அதுதான் விலை கம்மி. அதோட வந்த துண்டுச் சீட்டுல "அதிக நேரம், அதிக பலன்"ங்கிற மாதிரி எதோ போட்டிருந்திருக்கு. நாப்பது நிமிஷம் வெச்சிருக்கான். எடுத்துப் பாத்தா சின்னச் சின்ன சிவப்புப் புள்ளி, முன்தோல் பக்கம் சுத்தி மெதுவடை மாதிரி வீக்கம். வலி பெருசா இல்லை. முகத்துல ரத்தமே இல்லை. "வெட்டி எடுத்துடுவாங்களாடா?"ன்னு கேட்டான். சிரிப்பு வந்துது, சிரிக்கலை. அவன் கேட்ட குரல் அப்படி.

அந்தப் புள்ளி, மயிரிழை மாதிரி இருக்கிற ரத்தக் குழாய் வெடிச்சு வர்றது. மெதுவடை, ரத்தத்துல இருந்து நீர் மட்டும் கசிஞ்சு தோலுக்கு அடியில தங்குறது. ரெண்டுமே அழுத்தம் அதிகமானா, இல்ல நேரம் அதிகமானா வரும். இந்த ஆளு ரெண்டையும் பண்ணியிருக்கான். மறுநாள் மத்தியானத்துக்குள்ள வீக்கம் வத்திடுச்சு, புள்ளி மறைய சில நாள் ஆச்சு. ஆனா நான் அன்னிக்கு ராத்திரி அவன்கிட்ட கேட்டது அதைப் பத்தி இல்லை. "இது எதுக்குடா உனக்கு?"

ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னான். ஹாஸ்டல் ஃபர்ஸ்ட் இயர்ல சீனியர்ஸ் பாத்ரூம்ல வெச்சு ராக்கிங் பண்ணியிருக்காங்க. ஒருத்தன் ஒரு பேரு வெச்சுட்டான். நாலு வருஷமும் அந்தப் பேருதான். கான்வகேஷன் அன்னிக்கு அவன் அம்மா அப்பா பக்கத்துல நிக்கும்போது கூட ஒருத்தன் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டானாம். அவங்க அம்மா "என்னப்பா அது, நல்லா இருக்கே"ன்னு கேட்டாங்களாம். இதைச் சொல்லிட்டு போனை எடுத்துக் காட்டினான். அந்தப் பொண்ணுக்கு எழுதி அனுப்பாம வெச்சிருந்த மெசேஜ். "எனக்கு இந்தக் கல்யாணத்துல விருப்பம் இல்லை, காரணம் கேக்காதீங்க"ன்னு. எழுதி மூணு வாரம் ஆகியிருந்துது. பம்பு வேலை செஞ்சா அழிக்கிறது, இல்லன்னா அனுப்புறது. அதுதான் பிளான்.

மறுநாள் ரெண்டு பேரும் லீவு போட்டுட்டு ஒரு யூராலஜிஸ்ட்கிட்ட போனோம். அறுபது வயசு இருக்கும். வெளிய நர்ஸ் பேரைக் கத்திக் கூப்பிட்டப்ப இவன் காதெல்லாம் சிவந்துடுச்சு. டாக்டர் கேட்ட கேள்விங்க ரொம்ப சாதாரணமா இருந்துது.

"காலையில எந்திரிக்கும்போது விறைப்பு இருக்கா தம்பி?"

"இருக்கு டாக்டர்."

"தனியா இருக்கும்போது?"

"...இருக்கு டாக்டர்."

"அப்ப பம்பு எதுக்கு வாங்கினீங்க?"

பரிசோதனை பண்ணிட்டு ஸ்கேல் வெச்சு அளந்தார். எப்படி அளக்கணும்னு அவனுக்கே சொல்லிக் குடுத்தாராம். மேல் பக்கமா, ஸ்கேலை இடுப்பெலும்புல முட்டுற வரைக்கும் அழுத்தி வெச்சு அளக்கணும். இல்லன்னா தொப்பை தின்னுடும். அப்புறம் வெளிய வந்து எனக்கும் கேக்குற மாதிரி ஒண்ணு சொன்னார். உங்களோடதை நீங்க மேல இருந்து குனிஞ்சு பாக்குறீங்க, அடுத்தவனோடதை நேருக்கு நேர் பாக்குறீங்க. ஒரே பென்சிலை மேல இருந்து பாத்தா சின்னதாதான் தெரியும்னு. பதினெட்டு வயசுல அந்த பாத்ரூம்ல யாராவது இதைச் சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

நம்பர் வேணும்ங்கிறவங்களுக்கு. 2015ல லண்டன் ஆராய்ச்சியாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைச் சேத்து 15,521 பேரோட அளவைக் கணக்குப் போட்டாங்க. எல்லாம் டாக்டரோ நர்ஸோ அளந்தது, ஆளுங்களே அளந்து சொன்னது இல்லை (அப்படிச் சொல்ல விட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்). விறைப்புல சராசரி 13.12 செ.மீ., சுற்றளவு 11.66 செ.மீ. நூறு பேரை வரிசையா நிறுத்தினா தொண்ணூறு பேர் பத்துக்கும் பதினாறுக்கும் நடுவுலதான் நிப்பாங்க. பக்கத்துல கேரளத்துல 301 பேரை அளந்து 2007ல வெளியிட்டாங்க. சாதாரண நிலையில 8.21, விறைப்புல 13.01. அதாவது உலக சராசரிக்கும் நமக்கும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். இன்னொண்ணு, அமெரிக்காவுல 52,000 பேருக்கு மேல பதில் சொன்ன ஒரு சர்வே 2006ல வந்துது. தன் துணையோட அளவு போதும்னு சொன்ன பெண்கள் 85 சதவீதம். தன் அளவு போதும்னு சொன்ன ஆண்கள் 55 சதவீதம். நடுவுல இருக்கிற முப்பதை வெச்சுத்தான் உலகம் பூரா வியாபாரம் நடக்குது.

நம்ம ஊர் வியாபாரம் உங்களுக்குத் தெரியும். மாசத்துல இந்தத் தேதி இந்த ஊர்ல இந்த லாட்ஜ்ல ரூம் நம்பர் இத்தனைன்னு விளம்பரம். நடு ராத்திரி டிவியில மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்துகிட்டு "இளமையில் அறியாமல் செய்த தவறினால் சிறுத்து"ன்னு ஆரம்பிக்கிறவர். சிறுத்துங்கிற அந்த ஒரு வார்த்தையில எத்தனை பசங்க தூக்கம் போயிருக்கும். கையால எதுவும் சிறுக்காது சாமிகளா. சட்டம் என்னமோ தெளிவாத்தான் இருக்கு. மருந்து விதிகள்ல ஜே அட்டவணைன்னு ஒரு பட்டியல் இருக்கு. இதையெல்லாம் சரி பண்றேன்னு எந்த மருந்தும் சொல்லவே கூடாதுங்கிற பட்டியல். அதுல உறுப்போட அளவையும் வடிவத்தையும் மேம்படுத்துறதுன்னு நேராவே போட்டிருக்கு. சட்டம் இருக்கு, லாட்ஜும் இருக்கு.

மாப்ளைக்கு டாக்டர் மாத்திரை எதுவும் எழுதலை. சர்க்கரை டெஸ்ட் மட்டும். "ஐநூறு ரூபா வாங்கிட்டு ஒண்ணும் எழுதலையேடா"ன்னு வண்டியில வரும்போது புலம்பினான். கிண்டி தாண்டினப்புறம் போனை எடுத்து எதோ அழிச்சான். நான் கேக்கலை. தை மாசம் கல்யாணத்துக்குப் போய் ரெண்டு பந்தி பரிமாறிட்டு வந்தேன்.

இதோட கதை முடிஞ்சுதுன்னா பம்பு ஒரு ஏமாத்து வேலைன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். ஆனா எனக்கு உறுத்துற விஷயம் அது இல்லை. தேவையே இல்லாத இருபத்தஞ்சு வயசுக்காரன் இதை ஆன்லைன்ல தேடி வாங்குறான். ஆஸ்பன் மாதிரி நிஜமா தேவைப்படுறவருக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னே யாரும் சொல்றதில்லை.

எங்க சித்தப்பாவுக்கு பன்னெண்டு வருஷமா சர்க்கரை. அவரோட ரிப்போர்ட்டெல்லாம் எனக்கு வாட்ஸப்ல வரும், "தம்பி, இது என்னன்னு பாத்துச் சொல்லு"ன்னு. ஒரு தடவை மொத்த ஃபைலையும் போட்டோ எடுத்து அனுப்பிட்டார். அதுல ஒரு பழைய சீட்டுல சில்டெனாஃபில்னு எழுதி, அடுத்த விசிட்ல அடிச்சு விட்டிருந்துது. பக்கத்துல "பலனில்லை, தலைவலி". அதுக்கு ரெண்டு பக்கம் தள்ளி ஒரு லாட்ஜ் வைத்தியரோட ரசீது. பதினெட்டாயிரம் ரூபா. சித்தி நாலஞ்சு வருஷமா ஹால்ல படுக்கிறது எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். மின்விசிறி சத்தம்னு சொல்லுவாங்க.

சர்க்கரை இருக்கிற ஆம்பளைங்களுக்கு விறைப்புக் கோளாறு மத்தவங்களை விட பத்து, பதினஞ்சு வருஷம் முன்னாடியே வந்துடலாம். நரம்பும் கெடுது, ரத்தக் குழாயும் அடைபடுது. மாத்திரை இவங்க நிறைய பேருக்கு சரியா வேலை செய்யாது. நெஞ்சு வலிக்கு நைட்ரேட் சாப்பிடுறவங்க அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. பிரஷர் படுபயங்கரமா இறங்கிடும். பிராஸ்டேட் ஆபரேஷன் ஆனவங்களுக்கு நரம்பே அடிபட்டிருக்கலாம். இவங்கள்ல நிறைய பேருக்கு பம்பு வேலை செய்யும், ஏன்னா அது நரம்பைக் கேக்குறதில்லை, மூளையைக் கேக்குறதில்லை. காத்தை எடுத்தா ரத்தம் வரும், அவ்வளவுதான். இன்னொரு முக்கியமான விஷயம், அங்க போற ரத்தக் குழாய் ஒண்ணு ரெண்டு மி.மீ.தான், இதயத்துக்குப் போறது மூணு நாலு மி.மீ. அடைப்பு வந்தா சின்னதுலதான் முதல்ல தெரியும். அதனால நாப்பது வயசுக்கு மேல திடீர்னு விறைப்பு போச்சுன்னா லேகியத்துக்குப் போகாம முதல்ல இதயத்தைப் பாத்துடுங்க.

சித்தப்பாகிட்ட இதை நேர்ல பேசுற தைரியம் எனக்கு இல்லை. எந்தத் தமிழனுக்கு இருக்கு? உக்காந்து மூணு பக்கம் டைப் பண்ணினேன். சுகர் பாக்குற ஸ்ட்ரிப் அனுப்புற கூரியர்ல அதையும் மடிச்சு வெச்சு அனுப்பிட்டேன். அந்த மூணு பக்கத்துல இருந்ததுதான் இது.

முதல் வரி பெரிய எழுத்துல: ரத்தத்தை இளக்குற மாத்திரை சாப்பிட்டா, ரத்தம் உறையிறதுல கோளாறு இருந்தா, சிக்கிள் செல், ரத்தப் புத்துநோய் மாதிரி எதாவது இருந்தா, டாக்டர்கிட்ட கேக்காம தொடக் கூடாது. எதுவும் இல்லன்னாலும் ஒரு தடவை கேட்டுட்டுத் தொடங்கறது நல்லது. அழுத்தம் ஓர் அளவுக்கு மேல போகாம தடுக்கிற அமைப்பு இருக்கிற கருவிதான் வாங்கணும். அமெரிக்க எஃப்.டி.ஏ. 2004ல போட்ட வழிகாட்டுதல்ல 17 அங்குல பாதரசம்தான் உச்ச வரம்பு, அதாவது 430 மி.மீ. சொச்சம். அது உச்சவரம்பு, இலக்கு இல்லை. புதுசா பழகுறவங்க 3ல இருந்து 5 அங்குலத்துல ஆரம்பிக்கிறதுதான் வழக்கம். அதுவே நம்ம ரத்த அழுத்தம் அளவுக்கு வந்துடுது, போதும். மீட்டர் இல்லாத மாடல் ஸ்பீடோமீட்டர் இல்லாத வண்டி.

குழாய் வாய் பக்கம் தண்ணியில கரையிற ஜெல் தடவணும். எண்ணெய் வேண்டாம், ரப்பர் கெட்டுடும். முடி அதிகமா இருந்தா காத்து கசியும், கொஞ்சம் வெட்டிக்கிடணும். குழாய் ரொம்ப அகலமா இருந்தா விதைப்பையும் சேந்து உள்ள வரும், அந்த அனுபவம் வேண்டாம். ரெண்டு அமுக்கு, கொஞ்ச நேரம் நிறுத்து, மறுபடி ரெண்டு அமுக்கு. அவசரம் ஆகாது. நல்ல விறைப்பு வர சில நிமிஷம் போதும். வலிச்சா உடனே வால்வைத் திறந்துடணும். வலியைத் தாங்குறது இதுல வீரம் இல்லை. சர்க்கரை இருக்கிறவங்களுக்கு உணர்ச்சி மங்கியிருக்கும், வலியே தெரியாம போகலாம். அதனால அவங்க கண்ணால பாத்துக்கிட்டே இருக்கணும், மீட்டரையும் தோலையும்.

குழாயை எடுத்தா ரத்தம் திரும்பிப் போயிடும் இல்லையா, அதைத் தடுக்கத்தான் கருவியோட ஒரு ரப்பர் வளையம் வரும். குழாய்ல முன்னாடியே மாட்டி வெச்சுட்டு, விறைப்பு வந்ததும் அடிப்பக்கத்துக்குத் தள்ளி விட்டுட்டு, காத்தை உள்ள விட்டு, குழாயை எடுத்துடணும். இப்ப இருக்கிறது அசல் விறைப்பு மாதிரியே இருக்காது. கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கும், நீலம் பாய்ஞ்ச மாதிரி இருக்கும், வளையத்துக்குப் பின்னாடி விறைப்பு இல்லாததால கீல் வெச்ச கதவு மாதிரி ஆடும், விந்து வெளிய வராம தடைபடலாம். இதெல்லாம் தெரியாம ஒரு தடவை போட்டுட்டுப் பயந்து பரண்ல தூக்கிப் போடுறவங்க நிறைய. நாலஞ்சு தடவை தனியா பழகிட்டு அப்புறம் வீட்டம்மாகிட்ட சொல்லலாம். சொல்லாம பண்ண முடியாது, மறைக்கிற சைஸ் கருவி இல்லை அது.

வளையம் எக்காரணம் கொண்டும் 30 நிமிஷத்துக்கு மேல இருக்கக் கூடாது. அதைப் போட்டுக்கிட்டுத் தூங்கவே கூடாது. ரப்பருக்குப் பதிலா மோதிரம், பைப்பு வாஷர், இரும்பு வளையம்னு எதையாவது மாட்டிக்கிட்டா, வீங்கினப்புறம் கழட்ட ஆஸ்பத்திரியில கட்டர் கொண்டு வரணும். இது ஜோக் இல்லை, மருத்துவ இதழ்கள்ல இப்படி வெட்டி எடுத்த கதைங்க வரிசையா இருக்கு.

கூரியர் போய்ச் சேந்துதான்னு கேக்க போன் பண்ணினேன். "ஸ்ட்ரிப் வந்துடுச்சு தம்பி"ன்னார். அவ்வளவுதான். மழை, பக்கத்து வீட்டு வழக்கு, எல்லாம் பேசினார். நானும் அதோட விட்டுட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை அவரே கூப்பிட்டார். டாக்டர்கிட்ட அந்தப் பேப்பரைக் காட்டினேன், சரின்னுட்டார்னு ஆரம்பிச்சு, கொஞ்சம் இருமி, குரலைத் தாழ்த்திக்கிட்டு, "கண்ணாடி எங்கேயோ வெச்சுட்டேன். அந்த வளையத்துக்கு எத்தனை நிமிஷம்னு போட்டிருந்தே?"ன்னு கேட்டார்.

"முப்பது சித்தப்பா"ன்னேன்.